ஆரல் ஊரில் ஓர் இரவு தங்க வையுங்கள்: பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய ஆசியாவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களுக்கும், அந்தப் பயணங்களைக் காணொளியாக எடுத்து வெளியிடும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கஜகஸ்தானில் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று 2022-இல் ஆனது. அதன்பின் உங்கள் தொழில் எப்படி வளர்ந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அல்மாட்டியின் பனிமலை எல்லாருக்கும் பழகிப்போனதும், கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு "பாலைவனத்தில் கப்பல்கள்" என்று வற்றிப்போன ஆரல் ஏரியின் பழைய கரையில் இருக்கும் ஆரல் ஊரையும் பேக்கேஜில் சேர்த்தீர்கள். அப்படி ஒரு குழுவில் நானும் போனேன். அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: ஆரலுக்கு ஆட்களை அழைத்துப் போனால் ஓர் இரவாவது அந்த ஊரிலேயே தங்க வையுங்கள். தங்குவதாகச் சொல்லிவிட்டு ரத்து செய்தால், சமைத்து வைத்தவர்களுக்குப் பணம் கொடுங்கள்.

கஜகஸ்தானின் தெற்கே உள்ள கிசிலோர்தா நகரிலிருந்து ஆரலுக்குச் சுமார் 450 கிலோமீட்டர். நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஸ்டெப்பிப் புல்வெளி. போகப் போகப் புல் குறைந்து மணல் கூடுகிறது, நடுநடுவே இரட்டைத் திமில் ஒட்டகங்கள். எங்கள் பயணத் திட்டத்தில் இரவுச் சாப்பாடும் படுக்கையும் ஆரலில் ஒரு வீட்டில் என்று இருந்தது. ஆனால் வேன் ஊருக்குள் நிற்கவே இல்லை. நேராக, ஏரி வற்றியபோது கப்பல்கள் தரைதட்டி நின்ற ஜலனாஷுக்கு விட்டார்கள். அங்கே நின்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றைப் பழைய இரும்புக்காக வெட்டி எடுத்துப் பல வருடம் ஆகிறது. இது உங்களுக்குத் தெரியாத செய்தியா? தெரிந்தும் விளம்பரத்தில் வரிசையாகக் கப்பல் நிற்கும் படத்தைப் போடுகிறீர்கள். படமெடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம், கோபம். மணலில் நின்றபடியே எங்களை அழைத்து வந்தவர் முடிவெடுத்தார்: "ஊரில் பார்க்க ஒன்றுமில்லை, கழிப்பறைகூட வீட்டுக்கு வெளியேதான். இரவே கிசிலோர்தா திரும்பிவிடலாம்." அந்த வீட்டுக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினார். அவ்வளவுதான்.

எனக்கும் இன்னொருவருக்கும் மனம் ஒப்பவில்லை. எங்களை மட்டும் ஊரில் இறக்கிவிடச் சொன்னோம்.

அந்த வீட்டில் நாங்கள் பார்த்ததை நீங்கள் ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும். தாழ்வான நீள மேசை நிறையச் சாப்பாடு. எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை, சுடாக் என்ற மீனின் வறுவல், உலர்ந்த தயிர்க்கட்டி, ஒட்டகப்பால், ஒரு பெரிய தட்டில் ஆட்டிறைச்சியும் மாவுத் துண்டுகளும். மொத்தக் குழுவுக்கும் போதுமான அளவு. எங்களுக்காகவே ஆடு அறுத்திருந்தார்கள். படுக்கைக்கு மெத்தை விரிப்பு போதாது என்று பக்கத்து வீடுகளில் வாங்கி வந்து சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். குளிக்க வெந்நீர் போட்டு வைத்திருந்தார்கள். குடிநீர் தொலைவிலிருந்து குழாய்வழி வந்து சேரும் ஊர் அது. அங்கே இத்தனை பேருக்கு வெந்நீர் என்பது சாதாரண விஷயம் இல்லை. முன்பணம் என்று ஒரு காசும் அவர்களுக்குப் போகவில்லை. "வந்ததும் தருகிறோம்" என்பதுதான் பேச்சாம்.

வீட்டுக்கார அம்மா எங்களைத் திட்டவில்லை. தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு மகன் மூலமாக ஒன்று கேட்டார்: "எங்கள் சாப்பாடு அவர்களுக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லிவிட்டார்களா?" இல்லை என்று சொன்னோம். வேறென்ன சொல்வது? மிச்சத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தனுப்பினார். எங்கள் பங்கை நாங்கள் கொடுத்தோம். முழுக் குழுவின் பங்கையும் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. இதை எழுதும் நாள்வரை மீதி அவர்களுக்கு வந்து சேரவில்லை என்று அந்த மகன் சொல்கிறார்.

இது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டும் என்றால் தனியாகவே எழுதியிருப்பேன். எங்கள் பயணத்தைப் பற்றிப் பிறகு வெளிவந்த காணொளியையும் பார்த்தேன். "மனிதர்களே இல்லாத ஊர்" என்கிறது குரல். திரையில் தெற்கு ஆரல் வற்றிய செயற்கைக்கோள் படம். நீங்கள் போனது வடக்கு ஆரலின் ஊருக்கு! ஏரிக்கு நீர் கொண்டுவந்த சிர் தாரியா, அமு தாரியா ஆறுகளைப் பருத்திக்காகச் சோவியத் அரசு திருப்பிவிட்டதும், 1960-இல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது வற்றி இரண்டாகப் பிளந்ததும் உங்கள் காணொளியில் இருக்கிறது. சரி, அதற்குப் பிறகு நடந்தது எங்கே?

1990களில் உள்ளூர்க்காரர்களே மணலைக் குவித்துக் கரை போட்டு, வடக்குப் பகுதியில் மிச்சமிருந்த நீரைத் தேக்கப் பார்த்தார்கள். அது திரும்பத் திரும்ப உடைந்து, 1999-இல் அடித்துக்கொண்டே போனது. அப்புறம் உலக வங்கியின் உதவியோடு சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோக்காரல் அணை எழுந்து 2005-இல் முடிந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக, ஒரு வருடத்துக்குள்ளேயே நீர் ஏறியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின, ஊரில் மீன் பதப்படுத்தும் கூடங்கள் வந்தன. நூறு கிலோமீட்டர் வரை விலகிப்போனதாகச் சொல்லப்படும் தண்ணீர் இன்று ஊரிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில் நிற்கிறது. நடுவில் இருந்த மோசமான வருடங்களில், உப்பைத் தாங்கிய தட்டைமீன் ஒன்றை நம்பித்தான் மீனவர்கள் காலம் தள்ளினார்கள்; அதைப் பிடிக்கும் வலையையும் முறையையும் டென்மார்க் மீனவர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டுத் துருப்பிடித்த இரும்பின் மேல் ஏறி நின்று பேசினால், அங்கே குடியிருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

ரயில் நிலையத்துக்குள் போயிருந்தாலாவது ஒரு மொசைக் சித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1921-இல் வோல்கா கரையில் பஞ்சம் வந்தபோது, லெனின் மீன் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இந்த ஊர் மீனவர்கள் 14 ரயில் பெட்டி மீன் அனுப்பிய கதை அது. முகம் தெரியாதவர்களின் பசிக்கு அவ்வளவு கொடுத்த ஊரில், நமக்காக ஆக்கிய ஒரு வேளைச் சோற்றுக்குக் கடன் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் தரப்புச் சங்கடங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியே கழிப்பறை, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், காற்றடித்தால் உப்புத்தூசி, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் திண்டாட்டம். எல்லாமே உண்மைதான். இதை முன்கூட்டியே வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். முடியாதவர்கள் வேறு பயணத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னால் அந்த வீட்டில் சொல்லுங்கள், செய்து தருகிறார்கள். என்னோடு தங்கியவருக்கு உருளைக்கிழங்கும் பூசணியும் வைத்துத் தனியாகச் சமைத்தார்கள். கப்பல் வரிசை மட்டும்தான் வேண்டும் என்கிறவர்களை உஸ்பெகிஸ்தான் பக்கம் முய்னாக்குக்கு அழைத்துப் போங்கள், அங்கே நிற்கின்றன. ஆரலை அதற்காக விற்காதீர்கள்.

ஆரலுக்குத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஓர் இரவு தங்க வையுங்கள். காலையில் தாஸ்துபெக் என்ற மீனவக் கிராமத்தின் பக்கம் போனால் படகிலிருந்து மீன் இறங்குவதைப் பார்க்கலாம். உங்கள் காணொளிக்கு அதைவிட நல்ல காட்சி அந்த வட்டாரத்தில் கிடையாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பாதிப் பணத்தை முன்பே அனுப்புங்கள். கடைசி நேரத்தில் திட்டம் மாறினால் முழுப்பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அல்மாட்டியில் நட்சத்திர ஓட்டல் கேட்டால் மறுபேச்சில்லாமல் இதைச் செய்கிறீர்கள். ஓர் ஊர்க்கார அம்மாவுக்கும் அதையே செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் குழுவை அழைத்துப் போனவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. அந்த வீட்டின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. பாக்கியை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். கூடவே, சாப்பாட்டில் குறை எதுவும் இல்லை என்று அந்த அம்மாவிடம் உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் குழுவில் வந்த ஒரு பயணி