தொல்லியலைப் பட்டப்படிப்பிலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட மேற்படிப்பு வழிகாட்டியைப் படித்தேன். பொறியியலுக்குப் பக்கம் பக்கமாக விவரம். தொல்லியலுக்கு ‘பி.ஏ. வரலாறு முடித்து முதுகலையில் சேரலாம்’ என்று ஒரே வரி. கலை வரலாறு என்ற பேச்சே இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. 26 ஆண்டு பள்ளியில் வரலாறு நடத்திய நானும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

அப்படி அனுப்பிய ஒரு பெண் இப்போது மூன்றாம் ஆண்டு. சித்தன்னவாசல் ஓவியம் பற்றித் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள், புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டரில் உள்ள அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. போன மாதம் நானே கூட்டிப்போனேன். அங்கே பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்தில் (உள்கூரையில்) தாமரைக்குள ஓவியம்: பூப்பறிப்பவர், மீன், எருமை, யானை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றாள். சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் வரைந்திருக்கிறார்கள் என்பதை, பூச்சு பெயர்ந்த ஓரத்தைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள்.

கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமனைப் பற்றி அங்கேயே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு பேசுகிறது. அதே குன்றின் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும், பல நூற்றாண்டு மூத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தும். சுற்றுவட்டாரத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைக் காட்டும் பெருங்கற்காலக் கல்வட்டங்கள். ஓவியம், எழுத்து, ஈமச்சின்னம் என்று தனித்தனியாகப் படித்தால் இந்த ஊர் புரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் பழகுவதற்கு வருடக்கணக்காகும். முதுகலையின் இரண்டு வருடம் எந்த மூலைக்கு?

‘படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆள் தேவைப்படும் இடங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணிக்காகத் தரையை உயர்த்திக் கிரானைட் பதித்தார்கள். சுவரின் அடிப்பகுதியான குமுதத்தில் இருந்த கல்வெட்டின் அடி இரண்டு வரி தளத்துக்குள் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேலை தொடங்கும் முன் கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மையில் ஒரு மைப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். கீழடி அகழாய்வு 2014-15இல் தொடங்கி, 2023இல் அருங்காட்சியகமும் வந்துவிட்டது. தோண்டி எடுப்பதை வரைய, வகைப்படுத்த, பாதுகாக்க எத்தனை கை வேண்டும்!

எனவே கலை வரலாறும் தொல்லியலும் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டப்படிப்பை அரசுக் கல்லூரிகளில் கொண்டுவர வேண்டும். எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். பானை ஓடுகளைக் கையிலெடுத்துப் பழகத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்வெட்டு எழுத்துக்குக் குடுமியான்மலை. கட்டடக் கலைக்கு, மூன்று விமானங்களில் இரண்டு மட்டும் மிஞ்சி நிற்கும் கொடும்பாளூர் மூவர்கோயில். எல்லாமே பஸ்ஸில் போய்வரும் தூரம். வகுப்பறையில் பாதி நாள், களத்தில் பாதி நாள் என்று பாடத்திட்டம் அமைய வேண்டும்.

அந்தப் பெண்ணின் தங்கை இந்த வருடம் பிளஸ் டூ. ‘டீச்சர், நான் எங்கே சேரட்டும்?’ என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
புதுக்கோட்டை