கந்தான் ரோட்டு லோபாங்

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். மழைக்கு அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ரோட்டுக் குழியில், அந்த லோபாங்கில், உன் காடி இறங்கிய விஷயம்.

நீ தம்பிக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அவனைத் திட்டாதே. சாப்பிடும்போது போனை மேசைமேல் வைத்திருந்தான், என் கண்ணில் பட்டுவிட்டது. முன்பக்க இடது டயர். பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கிறது. ரிம்மின் விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. ரிம்மைத் தட்டி நிமிர்த்திவிட்டு அதே டயரைப் போட்டு ஓட்டலாமா என்று அவனிடம் கேட்டிருக்கிறாய். ஓட்டக்கூடாது. அவன் என்ன பதில் சொன்னானோ தெரியாது, அப்பா சொல்கிறேன், ஓட்டக்கூடாது.

அந்த வீக்கம் வெறும் ரப்பர் புடைப்பு இல்லை. டயரின் பக்கச் சுவருக்குள்ளே நூல் நூலாகப் பின்னியிருப்பார்கள். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பின்னல்தான். லோபாங்கின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது அந்த நூல் அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் மேல் ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஒட்டுப்போட முடியாது. இன்றைக்கு வெடிக்கலாம், ஒரு மாதம் கழித்து ஹைவேயில் நூற்றுப்பத்தில் போகும்போதும் வெடிக்கலாம். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் உன் கையில் நிற்காது.

ரிம் விஷயமும் அப்படித்தான். நீ ஆசைப்பட்டுப் போட்ட ஸ்போர்ட் ரிம். அன்றைக்கே வேண்டாம் என்றேன். ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் உயரம் குறைந்துபோகும், அடி நேராக ரிம்முக்குத்தான் போகும். சரி, போட்டாயிற்று, உன் சம்பளம், உன் காடி. மடங்கியது மட்டும் என்றால் மெஷினில் வைத்து நிமிர்த்திக் கொடுக்கிற கடைகள் உண்டு. ஆனால் கழற்றித் துடைத்து, உள்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று நீயே கிட்ட நின்று பார். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள், விலையும் குறைவாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. அலாய் ரிம்மில் வெல்டிங் போட்ட இடத்தை நம்பிக் குடும்பத்தை ஏற்ற முடியாது. ஒரு ஆளாக இருந்தாலும் ஏற்ற முடியாது.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஃபாரம் சிக்ஸ் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதுவாய், அப்போதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும்.

அப்புறம், படத்தில் டயருக்குப் பின்னால் மலை தெரிந்தது. பாதி வெட்டின சுண்ணாம்புக்கல் மலை, கீழே சிமெண்டு லோரி வரிசை. எஸ்டேட் லோரியில் குலை ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் எத்தனை வருஷம் ஓடியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கந்தான் மலையை எனக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். லோபாங் நிறையச் சேற்றுத் தண்ணீர். குடைக் கம்பியை விட்டுப் பார்த்தால் நல்ல ஆழம் இறங்குகிறது. தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது, அடியில் செம்மண்ணும் சரளைக்கல்லும். முன்னே யாரோ தாரைக் கொட்டி மூடியிருக்கிறார்கள், அதுவும் துண்டு துண்டாகப் பெயர்ந்து ஓரத்தில் கிடக்கிறது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடிமண் இளகிப் போயிருக்கும்போது மேலே தாரை மட்டும் கொட்டினால் எத்தனை நாளைக்கு நிற்கும்? பாரலோரி ஒவ்வொன்றும் ஏறி இறங்கும்போது அந்தத் தண்ணீரே மண்ணைக் குடைந்து வெளியே தள்ளிவிடும். தண்ணீர் நிறைந்து கிடந்தால் ஆழம் யாருக்குத் தெரியும்? உன்மேல் தப்பில்லை.

லோபாங் நம் டவுனை நோக்கி வரும் தடத்தில் இருக்கிறது.

அம்மாவிடம் இடத்தைச் சொல்லவில்லை. ஷா ஆலம் பக்கம் எங்கேயோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். தம்பிக்கும் சொல்லவில்லை.

மழையில், லோரிகள் உரசிக்கொண்டு போகிற ரோட்டோரத்தில் நின்று, தனியாக ஜாக் போட்டு டயர் மாற்றியிருக்கிறாய். உன் தம்பிக்கு இன்னும் நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது. எனக்குப் பெருமைதான். எஸ்டேட் செம்மண் ரோட்டில் உனக்குப் பழக்கிக்கொடுத்தது வீண்போகவில்லை. ஆனால் அந்தச் சின்ன ஸ்பேரோடு ஷா ஆலம் வரைக்கும், இருட்டில், ஹைவேயில் போயிருக்கிறாய் பார், அதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. 80க்கு மேல் போகாதே என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கே இருநூறு கிலோமீட்டர். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இங்கே டயர் கடை இருக்கிறது. பெரிய டவுன் மாதிரி இல்லை, நம் சீன முதலாளி, தவ்கே, கடையை மூடியிருந்தாலும் நான் போய்க் கதவைத் தட்டினால் திறப்பார்.

சரி, அதை விடு.

பிரேக் விஷயம் மறுபடியும் சொல்கிறேன். லோபாங் தெரிந்தால் அதற்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடி, சக்கரம் இறங்கும் நேரத்தில் காலை எடுத்துவிடு. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் காடியின் பாரம் முழுவதும் முன்பக்கம் குனிந்து அந்த ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிடும். ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்காதே, பக்கத்தில் மோட்டார்க்காரன் வருவான். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். காற்று குறைந்த டயர் சீக்கிரம் நசுங்கும்.

புது டயர் வாங்கும்போது முன்பக்கம் இரண்டையும் ஒரே ஜோடியாகப் போடு. பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதே. பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும், 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. அதைப் பார்த்து வாங்கு. பாலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய். அதற்கு முன்னால் காடியை மேலே தூக்கச் சொல்லி லோவர் ஆர்ம், டை ராட், அப்சார்பர் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல். அலைன்மென்ட் செய்த பிறகும் ஒரு பக்கம் இழுத்தால், இல்லை வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் நடுங்கினால், திரும்பக் கொண்டுபோ. நட்டை ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடியும் முடுக்கச் சொல். அதே டயரைப் போட்டு ஓட்டாதே.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று யோசிக்காதே. தனியாக டயர் போனதற்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். கேட்டு வாங்கினாலும், கிளேம் செய்யாததற்குக் கிடைக்கிற தள்ளுபடி, உன் என்சிடி, போய்விடும். ஐந்து வருஷம் கிளேம் செய்யாமல் சேர்த்த 55 விழுக்காடு. ஒரு ரிம்முக்காக அதை இழப்பது புத்தியில்லை.

அது கூட்டரசு சாலை, பொதுப்பணித் துறையான ஜேகேஆரின் பொறுப்பு. அவர்களிடம் இழப்பீடு கேட்டு எழுதலாம். கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எழுதாமல் விடக்கூடாது. குடையை உள்ளே நிறுத்தி லோபாங்கைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லும் தெரிகிறது. தம்பி அதை ஜேகேஆரின் மைஜாலான் செயலியில் போட்டுவிட்டான். உன் பக்கத்தில் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் செய்யவேண்டும் என்பது சட்டம். நாள் கடந்துவிட்டது, பரவாயில்லை, பக்கத்திலிருக்கும் போலீஸ் நிலையத்தில், பாலாயில், போய்ச் செய். அபராதம் போட்டால் நான் கட்டுகிறேன்.

ரிப்போர்ட்டில் இடத்தையும் நேரத்தையும் உள்ளபடியே எழுது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஏன் வந்தாய் என்று பாலாயில் கேட்கமாட்டார்கள். இங்கேயும் யாரும் கேட்கமாட்டோம். பெரியம்மா வீட்டில் அன்றைக்கு நடந்த பேச்சு அன்றைக்கு நடந்தது. அம்மா சொன்னது அம்மா சொன்னது, நீ சொன்னது நீ சொன்னது. அதற்காகக் கந்தான் வரைக்கும் வந்த பிள்ளை வீட்டுக்கு வராமல் திரும்பிப் போகவேண்டியதில்லை. எத்தனை மணியானாலும் வா. சொல்லிவிட்டு வா, சொல்லாமலும் வா. கூட யாராவது வந்தாலும் அழைத்துக்கொண்டு வா, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தீபாவளி மழை இன்னும் விடவில்லை. அந்த லோபாங்கை மூடும் வரைக்கும் சிம்மோர், கந்தான் வழியாக வரவேண்டாம், ஹைவேயிலேயே கோலகங்சார் வரை போய், அங்கே இறங்கித் திரும்பி வா. கொஞ்சம் சுற்று, டோல் கொஞ்சம் கூட ஆனாலும் ஆகட்டும்.

டயர், ரிம், அலைன்மென்ட் மூன்றுக்கும் தனித்தனியாக ரசீது வாங்கு, கடை முத்திரை இருக்கவேண்டும். பழைய டயரைக் கடையில் விட்டுவிடாதே, படம் எடுத்து வீட்டில் வை, கேட்டால் காட்டவேண்டும். எல்லாவற்றையும் தம்பிக்கு அனுப்பு, இந்த வாரத்துக்குள் அனுப்பு. கையில் பணம் குறைவாக இருந்தால் அதையும் சொல்.

அப்பா