அந்தப் பெட்டிச் செய்தியில் விட்டுப்போன பாதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் 'தினமும் ஒரு கிளாஸ் வைன் இதயத்துக்கு நல்லது' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். படித்ததும் என் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவர் குடிகாரர் இல்லை. இதே மாதிரி ஒரு செய்தியைப் பல வருஷங்களுக்கு முன்னால் எதிலோ பார்த்து, கத்தரித்து, பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி ஒரே ஒரு கிளாஸ், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று கறாராக இருந்தவர். அண்ணி ஏதாவது சொன்னால் அந்தத் துண்டை எடுத்து நீட்டுவார். மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, குடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டார். "அளவாகத்தான்" என்றார் அண்ணன். அந்த ஒரு கிளாஸ்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் மதுவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு வரிகூட அவர் கண்ணில் அதுவரை பட்டதில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே மதுவை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே பிரிவுதான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று இன்றைக்குத் தெரிந்தவரை ஏழு இடங்களில் மது புற்றுநோயை உண்டாக்கும். பீரோ வைனோ விஸ்கியோ, உள்ளே இருப்பது ஒரே எத்தனால். உடம்பு அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது, அது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ-வைச் சேதப்படுத்துகிறது.

சரி, கொஞ்சமாகக் குடித்தால்? 2025 ஜனவரியில் அப்போதைய அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (பொதுச் சுகாதாரத்தில் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர்) விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு கிளாஸுக்கும் குறைவாகக் குடிக்கும் 100 பெண்களை எடுத்துக்கொண்டால், மதுவோடு தொடர்புடைய புற்றுநோய்களில் ஏதாவது ஒன்று வாழ்நாளில் சுமார் 17 பேருக்கு வருகிறது. தினம் ஒன்று குடித்தால் 19 பேருக்கு, தினம் இரண்டு என்றால் 22 பேருக்கு. இரண்டு பேர்தானே கூடுகிறது என்று தோன்றலாம், உண்மைதான், தனி ஒருவருக்கு அது சின்ன ஆபத்துதான், யாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. அதைத் தெரிந்துகொண்டு ஒருவர் குடித்தால் அது அவர் முடிவு. நல்லது என்று நம்பிக் குடிப்பது வேறு. மார்பகப் புற்றுநோயில் இந்தக் கூடுதல் ஆபத்து தினம் ஒரு கிளாஸிலேயே தெரிகிறது, இது எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

அப்புறம் அந்த இதயக் கதை. பழைய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்கள்' என்று எண்ணப்பட்டவர்களில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? அந்தக் குழப்பத்தைச் சரிசெய்து பார்த்த ஆய்வுகளில் அந்த நன்மை பெரும்பாலும் கரைந்துபோகிறது. அப்படியே கொஞ்சம் மிஞ்சினாலும், இதயத்துக்கான கணக்கைக் காட்டி உணவுக்குழாயைச் சமாதானப்படுத்த முடியாது. இத்தனை அளவு வரை பாதுகாப்பு என்று ஒரு கோடு கிடையாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விட்டுப்போன இந்தப் பாதியையும் அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் போடுங்கள். உள்பக்க மூலையில் நாலு வரித் திருத்தமாகப் போட்டால், போன வாரம் அதைக் கத்தரித்து வைத்தவர்கள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி