லெட்ரோசோல் சாப்பிடும் மாதத்தில் சூரணத்துக்கு இடம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக்கு மூலிகைக் குறிப்பு வராத நாளிதழ் இணைப்பு இன்று அநேகமாக இல்லை. உங்கள் இதழிலும் வருகிறது. கழற்சிப் பருப்பும் மிளகும், மாதவிலக்கின் முதல் மூன்று நாள் மலைவேம்பு இலைச் சாறு, சதகுப்பைப் பொடி என்று நான்கு வரியில் முடிந்துவிடும் அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்த லெட்ரோசோல் என்ற முட்டை வளர்க்கும் மாத்திரை அட்டையையும் அதே பையில் வைத்திருக்கும் பெண்கள் கோத்தகிரியிலிருந்து கூடலூர் வரை உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்பதற்கு அந்த நான்கு வரியில் பதில் கிடைப்பதில்லை. மகப்பேறு மருத்துவம் ஒருவரும் சித்த மருத்துவம் ஒருவருமாகப் பார்க்கும் நாங்கள் சேர்ந்து இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் அந்தக் ‘கட்டி’. ஸ்கேனில் தெரிவது கரைக்க வேண்டிய கட்டியே கிடையாது. மாதம் ஒன்றாக வளர்ந்து வெடிக்க வேண்டிய முட்டைப்பைகள் 2 முதல் 9 மில்லிமீட்டருக்குள் வளர்ச்சி நின்று, சினைப்பையின் ஓரமாக வரிசைகட்டி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி மூன்றில் இரண்டு இருந்தால் இந்நோய்: மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் இந்தத் தோற்றம். ஸ்கேன் சரியாக இருந்தும் நோய் இருக்கலாம். ஸ்கேனில் தெரிந்தும் நோய் இல்லாமல் போகலாம். எனவே ‘மூன்று மாதத்தில் கட்டி கரைந்தது’ என்று இரண்டு ஸ்கேன் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினால் அதில் நிரூபணம் எதுவும் இல்லை. முட்டை வெடித்ததா என்பதுதான் கேள்வி. அதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்: முட்டை வெடித்த பின் கூடும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் வெடித்திருக்கிறது. இதை எல்லோருக்கும் 21-ஆம் நாள் என்று எழுதிக் கொடுப்பதில் ஒரு பிழை உண்டு. 40 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்காகும் பெண்ணுக்கு 21-ஆம் நாளில் முட்டை வெடித்தே இருக்காது. அடுத்த மாதவிலக்கு வரும் என்று கணக்கிடும் நாளுக்கு ஏழு நாள் முன்பாக எடுக்க வேண்டும்.

லெட்ரோசோல் பற்றிய பயத்தையும் சொல்லியாக வேண்டும். உறைக்குள் இருக்கும் காகிதத்தில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மாத்திரையை ஒளித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்த 2011 அக்டோபரில் தடை வந்தது, 2017-ல் நீக்கப்பட்டது. தடை வந்த செய்தி ஊருக்கெல்லாம் தெரியும், நீங்கிய செய்தி பலருக்குத் தெரியாது. 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதமும் இதே வேலைக்கான பழைய மாத்திரை குளோமிபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். 2023-ன் சர்வதேச வழிகாட்டுதலும் முதல் மருந்தாக இதைத்தான் சொல்கிறது. சாப்பிடுவது ஐந்தே நாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை உடலில் அதன் அளவு பாதியாகும். கரு ஒட்டும் நேரத்தில் பெரும்பாலும் வெளியேறியிருக்கும்.

இனி நாள் கணக்கு. தவறுகள் நடப்பது இங்கேதான்.

நன்றாக உதிரம் படத் தொடங்கும் நாளே முதல் நாள். லேசாகக் கறைபட்டதைச் சேர்க்கக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தினம் ஒரு 2.5 மில்லிகிராம் மாத்திரை, ஒரே நேரத்தில். குறிப்புகள் சொல்லும் மலைவேம்புச் சாறும் அந்த வாரத்திலேயே வந்து விழுகிறது. வெறும் வயிற்றில் அந்தக் கசப்பு இறங்கியதும் குமட்டல், வாந்தி. கூடவே விழுங்கிய மாத்திரை உள்ளே நின்றதா, போனதா என்று தெரியாமல் இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள், அல்லது அந்த நாளை விட்டுவிடுவார்கள். அது போக, மலைவேம்பு என்று நினைத்துத் துலுக்க வேம்பின் இலையைப் பறிப்பதும் நடக்கிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம், இலை பார்த்தால் குழப்பும். துலுக்க வேம்பின் பழம் நஞ்சு. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தில் இலை பொடியாகிவிட்ட பிறகு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அசோகப்பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்பதும் இதே ரகம்.

பதினொன்றாம் நாள் வாக்கில் ஸ்கேன். முட்டைப்பை 18 மில்லிமீட்டரைத் தாண்டினால் முட்டையை வெடிக்கவைக்கும் எச்சிஜி ஹார்மோன் ஊசி, அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். வளரவில்லை என்றால் அடுத்த மாதம் 5 மில்லிகிராம், அதற்கும் அசையாவிட்டால் 7.5. இந்தப் படிக்கட்டில் ஏறும்போது இடையில் ஒரு சூரணத்தையும் சேர்த்துவிட்டால், வேலை செய்தது கூட்டிய மாத்திரையா, சூரணமா என்று பிரித்தறிய வழியில்லை. அடுத்த குழந்தைக்கு வரும்போது எதை எழுதுவது?

மிக மோசமான தவறு கடைசி வாரத்தில் நடக்கிறது. ‘நாள் தள்ளிப் போய்விட்டது, வழக்கம்போல் வரவில்லை’ என்று நினைத்து, மாதவிலக்கை வரவழைக்கக் கருஞ்சீரகமோ, சதகுப்பையோ, எள்ளும் வெல்லமுமோ, கற்றாழை லேகியமோ எடுப்பார்கள். பிசிஓடி உள்ளவர்களுக்கு நாள் தள்ளுவது பழகிப்போன விஷயம். சிகிச்சை பலித்து நாள் தள்ளியிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. சித்த மருத்துவம் இதைச் சொல்லாமல் விடவில்லை. சதகுப்பை, கருஞ்சீரகம், கற்றாழை ஆகியவற்றின் செய்கையை ‘ருதுவுண்டாக்கி’, அதாவது மாதவிலக்கை வரவழைப்பது, என்றே வகைப்படுத்துகிறது. அந்தச் சொல்லைப் படித்த எந்தச் சித்த மருத்துவரும் கரு தங்கியிருக்கக்கூடிய பெண்ணுக்கு இவற்றை மருந்தளவில் எழுதமாட்டார். நான்கு வரிக் குறிப்பில் அந்தச் சொல் விடுபட்டுப் போகிறது. இதற்கு விதி ஒன்றே: நாள் தள்ளினால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகுதான் எதுவும். ஆங்கில மருந்துக்கும் இதே விதி. மாதவிலக்கு வரவழைக்க எழுதும் மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன் மாத்திரையைக்கூடப் பரிசோதிக்காமல் தொடங்கக் கூடாது. ஊசி போட்டவர்கள் இரண்டு வாரம் பொறுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் ஊசியில் இருக்கும் எச்சிஜியே இரண்டு கோடு காட்டிவிடும்.

உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்பார்மின் மாத்திரை எடுப்பவர்கள் கழற்சி, சிறுகுறிஞ்சான், வெந்தயம் விஷயத்தில் நிதானமாக இருக்க வேண்டும். மூன்றுமே சர்க்கரையை இறக்கும் தன்மை உள்ளவை. மெட்பார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்துவது அரிது. ஆனால் காலையில் வெறும் தேநீரோடு தோட்டத்துக்குப் போய் உச்சிவரை கொழுந்து பறிக்கும் பெண் இவை எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால் மலைச்சரிவில் தலைசுற்றி விழ வாய்ப்பிருக்கிறது. இரவு ஊறவைத்த ஒரு தேக்கரண்டி வெந்தயம் உணவு, அதில் தவறில்லை. லேகியம் வேறு கதை. அதன் எடையில் பெரும்பகுதி வெல்லமோ சர்க்கரையோதான். இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க மாத்திரையும் எடுத்துக்கொண்டு, காலை மாலை ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லப் பாகையும் விழுங்கினால் கணக்கு நேராவதெப்படி?

சீந்தில் கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குளோமிபீன் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாத மருந்து. சீந்திலோ வேறு பொடியோ மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், மாத்திரை தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். உலோகம், தாது முதலியவற்றைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் என்று எழுதியிருந்தால் எதன் பற்பம், எதன் செந்தூரம் என்று கேளுங்கள். அயச்செந்தூரம் இரும்பு. பாதரசம், கந்தகம், பாடாணம் எனும் நச்சுத் தாதுக்கள் சேர்ந்தவை வேறு. ஈயம் கலந்திருந்தால் அது எலும்பில் பல ஆண்டு தங்கி, கர்ப்பக் காலத்தில் குழந்தைக்குப் போகும். உரிம எண், தொகுதி எண், சரக்குப் பட்டியல் இல்லாத பொட்டலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஆகவே குழந்தைக்கு முயலும் பெண் அதைத் தொடக் கூடாது.

சேர்த்துச் சாப்பிட்டால் பலன் கூடுமா? நன்றாகச் சோதித்துப் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. மரமஞ்சளிலும், நம் சோலையோரம் முள்ளோடு நிற்கும் ஊசிக்களாவின் வேரிலும் உள்ள மஞ்சள் சத்து பெர்பெரின். சீனாவில் 644 பெண்களை மூன்று பிரிவாக்கிச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குக் குழந்தை பிறந்தது. பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22. இரண்டையும் எடுத்தவர்களில் 34. சேர்த்ததால் எதுவும் கூடவில்லை. பெர்பெரின், லெட்ரோசோலைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்றைத் தடுக்கக்கூடியது. கருவுற்ற பிறகு அது அறவே ஆகாது, பிறக்கும் குழந்தையின் காமாலையை மோசமாக்கும். சீன மூலிகைகளைக் குளோமிபீனோடு சேர்த்த ஆய்வுகளையும் மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழு 2021-ல் தொகுத்துப் பார்த்து, முடிவு சொல்லப் போதிய சான்றில்லை என்றது.

எங்கள் இருவரின் யோசனை, இரண்டையும் ஒரே மாதத்தில் அடைக்காமல் முன்பின்னாக வைப்பது. அவசரமில்லாத வயதில் உள்ளவர்கள், தகுதிபெற்ற சித்த மருத்துவரிடம் மூன்று மாதம் மருந்தும் பத்தியமும் எடுக்கட்டும். தாலுகா அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் எடை 5 சதவீதம் இறங்கினாலே பலருக்கு முட்டை தானாக வெடிக்கத் தொடங்கும். கணவரின் விந்துப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை இரண்டையும் அப்போதே முடித்துவிட வேண்டும். மனைவிக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்த பிறகு கணவரைப் பரிசோதிப்பது வீண் வேலை. பழங்குடிக் குடும்பங்களில் பெற்றோர் வழியாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் சோகை நீலகிரியில் பரவலாக இருப்பதால், தம்பதி இருவரும் அந்த ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளட்டும். மூன்று மாதத்தில் பலிக்கவில்லை என்றால், மாத்திரை தொடங்கும் மாதவிலக்கோடு சூரணம், குடிநீர், லேகியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். சமையலில் சேரும் மிளகு, மஞ்சள், பூண்டு, சீரகம் எப்போதும்போல் இருக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் எந்தக் காலத்திலும் நிறுத்தக் கூடாது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த மூன்று மாதக் காத்திருப்பும் வேண்டாம், நேராக மகப்பேறு மருத்துவரிடம் போவதே சரி.

மலையில் இருப்பவர்களுக்கு ஸ்கேன் ஒரு பாரம். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் சிலர் ஸ்கேனை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் முட்டை வெடிக்கும் நாள் காட்டும் அட்டையை நம்புகிறார்கள். அந்த அட்டை அளப்பது முட்டையை வெடிக்கத் தூண்டும் எல்எச் ஹார்மோனை. பிசிஓடியில் அந்த ஹார்மோன் பலருக்கு எப்போதுமே கூடுதலாக இருப்பதால் அந்த அட்டை பொய்க்கோடு காட்டும். முதல் மாதம் மட்டுமாவது ஸ்கேன் பார்த்துவிட்டு, அதே அளவு மாத்திரை தொடரும் மாதங்களில் புரோஜெஸ்டிரோன் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு முடியும்.

மாத்திரைக்கு அடுத்த படியான ஹார்மோன் ஊசிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஊசிக்குப் பின் வயிறு உப்பி, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால், ‘நீர் கோத்திருக்கிறது’ என்று நெருஞ்சில், சிறுபீளைக் குடிநீர் போட்டுக் குடிக்காதீர்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேர்ந்திருக்கிறது, ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது. சிறுநீர்பெருக்கி அந்த ரத்தத்திலிருந்தே மேலும் நீரை இழுக்கும். சிறுநீரகம் நிற்கலாம், காலில் ரத்தம் உறையலாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108-ஐ அழையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் வாரங்களில், மலையில் தங்கியிருந்துகொண்டு ஊசிச் சிகிச்சை தொடங்காமல் தள்ளிவைப்பதே புத்தி.

உங்கள் இதழிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. இனி மூலிகைக் குறிப்பு வெளியிட்டால் எந்தப் பாகம், எத்தனை கிராம், மாதவிலக்கின் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று சேர்த்துப் போடுங்கள். ருதுவுண்டாக்கிச் செய்கை இருந்தால் அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் மூலிகையின் பெருமையைப் பாடும் வரிகளை வெட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு சித்த மருத்துவர்
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்