இரண்டு யு.பி.எஸ். இருந்தும் நின்றுபோன சர்வர்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் மின்தடைப் பட்டியலைத் தினமும் தேடிப் படிக்கிறவள் நான். புதுக்கோட்டையில் 60 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் 11 ஆண்டுகளாகக் கணினிப் பிரிவைப் பார்த்துவருகிறேன். கடந்த ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது என்று முதல் நாளே வந்திருந்தது. படித்துவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரியில் கணினியை ஓடவைக்கும் யு.பி.எஸ். எங்களிடம் இரண்டு இருக்கிறதே என்ற தைரியம்.

9.04-க்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கீச்சும் நின்றது, சர்வரும் நின்றது. ஜெனரேட்டரைக் கையால்தான் ஓடவிட வேண்டும். அதைப் பார்க்கிற அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்தார். அவர் வந்து ஓடவிட்டு, சர்வரை மறுபடி எழுப்பியபோது லேப் டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. முந்தைய இரவு எடுத்த பேக்கப்பை ஏற்றினோம். அன்று காலை ஆறரையிலிருந்து ரத்தம் கொடுத்த 41 பேரின் பதிவு அதில் கிடையாது. அதைவிட மோசம், சாம்பிள் எண் பழைய இடத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்ததால் ஒரே எண்ணில் இரண்டிரண்டு குழாய்கள் நின்றன. எது யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஆறு பேரை மறுபடி கூப்பிட்டோம். கந்தர்வகோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒரு தாத்தா, இரண்டாம் முறை கையை நீட்டும்போது “பரவாயில்லம்மா” என்றார். எனக்கு அது பரவாயில்லாமல் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று மாலை சர்வர் அறையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் சர்வரில் இரண்டு பவர் சப்ளை உண்டு. ஒன்று செத்தாலும் மற்றது முழு பாரத்தையும் தாங்கும். ஆனால் இரண்டு வயர்களும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியிருந்தன. அந்த போர்டு முதல் யு.பி.எஸ்.ஸில். எப்போதோ அறையைக் கூட்டும்போது மாறியிருக்க வேண்டும். இரண்டாவது யு.பி.எஸ். காத்திருப்புக் கூடத்து டிவியையும் இரண்டு விளக்குகளையும் நாள் முழுக்கச் சமர்த்தாகக் காப்பாற்றியிருக்கிறது.

அப்புறம் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி எட்டை வரிசையாகக் கோத்து 96 வோல்ட் எடுக்கிறோம். சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தபோது எட்டுமே 12-க்கு மேல் காட்டின. லோடு, அதாவது மின் பாரம், கொடுத்ததும் ஏழு நின்றன. மூன்றாவது மட்டும் 8-க்குச் சரிந்தது. அதன் பக்கவாட்டு லேசாக உப்பியிருந்தது, முனையில் வெள்ளைப் பொடி. வரிசையில் ஒன்று படுத்தால் போதும், மொத்த வரிசையும் படுத்துவிடும். மார்க்கரில் எழுதியிருந்த தேதியைக் கணக்குப் பார்த்தால் நான்கு வருடம் எட்டு மாதம். இந்த வகை மூடிய பேட்டரிக்கு 25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆயுள் சொல்வார்கள். வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நாங்கள் வைத்திருந்ததோ மாடிப்படிக்குக் கீழே, ஏசி இல்லாத இடத்தில். புதுக்கோட்டை வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு யு.பி.எஸ். வாங்குவது எளிது. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொன்றுக்கும் சொந்த பேட்டரி வரிசை, சொந்த பிரேக்கர் வேண்டும். முடிந்தால் மும்முனை மின்சாரத்தின் வேறு வேறு முனையிலிருந்து (பேஸ்) எடுக்க வேண்டும். ஒன்று நின்றால் மற்றது முழு லோடையும் ஏற்க வேண்டியிருப்பதால், சாதாரண நாளில் எதுவும் பாதிக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. இரண்டும் எழுபது சதவீதத்தில் ஓடினால், ஒன்று விழுந்த நொடியே மற்றதும் விழும். இப்போது எங்கள் சர்வரில் ஒரு வயருக்குச் சிவப்பு டேப், மற்றதற்கு நீல டேப். நெட்வொர்க் ஸ்விட்சுக்கு ஒரே வயர்தான் உண்டு என்பதால், ஒரு பக்கம் போனால் தானே மறுபக்கம் தாவும் மாற்று ஸ்விட்ச் வைத்திருக்கிறோம்.

யு.பி.எஸ். சர்வரோடு பேசவும் வேண்டும். பெட்டியோடு வந்த கேபிள் பல இடங்களில் பிரிக்காமலே கிடக்கிறது. நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒன்று போனால் பொறுத்திரு, இரண்டுமே தீரப்போகிறது என்றால் மட்டும் டேட்டாபேஸை ஒழுங்காக மூடிவிட்டு நின்றுவிடு என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். அன்று அது இருந்திருந்து, பேட்டரி ஒரு ஐந்து நிமிடம் தாங்கியிருந்தால் அந்தத் தாத்தாவுக்கு ஒரு ஊசியோடு போயிருக்கும்.

பேட்டரியைச் சர்வர் மேஜைக்கு அடியில் வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில், அரசுத் தரவு மையத்து யு.பி.எஸ்.ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அதற்கு வெளியே வேறு பிரதி இல்லை. எங்களுடையது ஈய அமில பேட்டரிதான். ஆனாலும் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் வாயு விடும். எனவே காற்றோட்டமுள்ள தனி அறைக்கு மாற்றிவிட்டோம். பேக்கப்பின் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கிறது.

அரசு மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, கல்லூரி எதுவானாலும், யு.பி.எஸ். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு பேட்டரியையும் லோடு கொடுத்து அளந்த கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதித் தர வேண்டும், மாற்ற வேண்டிய தேதி பேட்டரியின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். தூசி தட்டிவிட்டு ‘ஓ.கே.’ என்று கையெழுத்து போடுவதற்கு நாம் பணம் கொடுக்க வேண்டாம்.

நாங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஓ.பி. ஓய்ந்த நேரத்தில், சிவப்பு வயரைப் பிடுங்கிப் பார்க்கிறோம். அடுத்த மாதம் நீலம். முதல் சோதனையிலேயே ஒரு தளர்ந்த பிளக் மாட்டியது.

மின்தடைப் பட்டியலை ஒருநாளும் விடாமல் போடுங்கள். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே. அதை வெட்டி லேப் கதவில் ஒட்டுகிறோம். ஜெனரேட்டர் அண்ணன் முதல் நாளே டீசல் வாங்கிவிடுகிறார்.

- மருத்துவமனைக் கணினிப் பிரிவு ஊழியர், புதுக்கோட்டை