வெறுந்தாளோடு கூட்டம் வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேலை விதிகளை எழுத மூன்று கூட்டம் போட்டும் ஒரு வரிகூடத் தேறவில்லை என்று வருந்தியிருக்கிறாய். நம் அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபை வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் பாரேன்.

சபை 1946 டிசம்பர் 9-ல் கூடியது. 13-ஆம் தேதியே நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்வைத்தார். எதற்காக எழுதுகிறோம் என்பது முதலில் முடிவானது. ஆனால் சட்டத்தின் வாசகத்தைச் சபையில் உட்கார்ந்து எழுதவில்லை. உறுப்பினரே அல்லாத ஆலோசகர் பி.என். ராவ் 243 பிரிவுகளோடு முதல் வரைவைத் தயாரித்துக் கொடுத்தார். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு அதை 315 பிரிவுகளாக்கி 1948 பிப்ரவரியில் வெளியிட்டது. எட்டு மாதம் மக்கள் முன் கிடந்த பிறகே விவாதம் தொடங்கியது. திருத்தம் கேட்டவர்கள் எந்தச் சொல்லை எடுத்து எதை வைப்பது என்று எழுதியே தர வேண்டும். வந்தவை ஏறத்தாழ 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. எழுதி வந்தவற்றிலேயே பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன. நீயும் இரண்டு பக்க வரைவை ஒருவரிடம் எழுதி வாங்கு, ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடு, மாற்று வாசகம் இல்லாத ஆட்சேபத்தைக் கூட்டத்துக்கு எடுக்காதே.

அம்பேத்கரின் வரைவுக் குழுவில் ஏழு பேர் என்பது ஏட்டளவில்தான். ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், இன்னொருவருக்கு அரசு வேலை. கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்ததை சபை உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் சபையிலேயே சொன்னார். அம்பேத்கர் அப்போது சட்ட அமைச்சரும்கூட, உடல்நலமும் சரியில்லை. அவர் தாங்கினார் என்பதற்காக அதை ஒரு முறையாக்கிக்கொள்ளக் கூடாது. பெயர்ப் பட்டியலை நம்பாதே. ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருவார், அவர் இல்லாவிட்டால் யார் என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்.

உடன்பாடு வராததைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் கவனம் தேவை. ஆட்சிமொழிச் சிக்கலில் ஆங்கிலம் 15 ஆண்டு தொடரட்டும் என்று தேதி வைத்தார்கள். அந்தத் தேதி வரும்போது இந்தி பேசாத மாநிலங்கள் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. 1965 ஜனவரியில் தமிழகம் கொந்தளித்தது, உயிர்கள் போயின. அந்த மாநிலங்கள் ஒப்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதி ஆட்சிமொழிச் சட்டத்தில் 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் சட்டமானது. நீ தள்ளிவைக்கும் ஒவ்வொன்றுக்கும் தேதியோடு, அன்று யார் ஒப்புதல் வேண்டும், அது கிடைக்காவிட்டால் எது தொடரும் என்பதையும் சேர்த்து எழுது.

வரைவு தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்