புலி வருஷத்துப் பிள்ளை

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழை வந்தால் கூடுகிறது. வாட்சாப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். பாலிக் புலாவில் டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் வாங்கின ஆளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு சனி ஞாயிறு பார்த்து இரண்டு பேரும் வாருங்கள். ராத்திரியில் நெடுஞ்சாலையில் ஓட்டாதே, தாப்பா பக்கம் லோரிகள் அதிகம். விடியற்காலையில் கிளம்பு.

போன வாரம் மருமகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அரை மணி நேரம் பேசினாள், பாதி நேரம் அழுகைதான். என்ன விஷயம் என்று கேட்டால், "அவர் வேண்டாங்கிறாராம், மத்ததை உங்க மகன்கிட்டயே கேளுங்க" என்று அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். போனில் உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தைப்பூசத்தன்று நடந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்மலையில் பால்குடம் செலுத்திவிட்டு வந்து, தலை ஈரம்கூடக் காயாமல் எனக்குப் பரிமாறினாள் அந்தப் பெண். "ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாம்னு நெனைக்கிறோம் மாமா" என்றாள். நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "யார் பெத்ததோ, என்ன ரத்தமோ. நாளைக்கு அவன் வந்து கொள்ளி வைக்க நின்னா ஊர் என்ன பேசும்?" நீ இலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் எழுந்து கை கழுவப் போனாய். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வேண்டாம் உன்னுடையதா, நான் உன் வாயில் வைத்ததா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் இல்லை.

டாக்டர் என்ன சொன்னார், குறை யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன். எட்டு வருஷமாக விசேஷ வீடுகளில் எல்லார் பேச்சையும் வாங்கிக்கொண்டவள் மருமகள்தான். ஒருவேளை உனக்காகத்தான் வாங்கிக்கொண்டாளோ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியே இருந்தாலும் அதில் உனக்கு ஒரு தாழ்வும் இல்லை. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களில் மூன்று பேருக்குப் பிள்ளை இல்லை. மூன்று வீட்டிலும் மனைவி பிள்ளை எடுக்கலாம் என்றாள், புருஷன் மாட்டேன் என்றான். வம்சம் என்பார்கள், சாதி என்பார்கள், சொத்து வெளியே போய்விடும் என்பார்கள். வாடகை வீட்டில் இருந்தவனும் சொத்துப் பேச்சுதான் பேசினான். உள்ளே இருந்தது ஒரே பயம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால், தன்னால் முடியவில்லை என்று தானே ஊருக்குச் சொன்னதாகிவிடும். எனக்கும் அந்தப் பயம்தான், தம்பி. என் மகனை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று பயந்து, நானே முதலில் சொல்லிவிட்டேன்.

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நீ மத்தாப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். அவன் கையின்மேல் உன் கையை வைத்து, பொறி படாமல் உன் உள்ளங்கையால் மறைத்தாய். எனக்கு நெஞ்சு நிறைந்தது. உனக்கு நான் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அவ்வளவு பொறுமை உள்ளவனுக்கு அம்மாவுக்கு வாரம் ஒரு போன் போட நேரம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பெரியத்தையைத் தாத்தா தூக்கி வந்த கதை உனக்குத் தெரியும். 1950, சீனர்களுக்குப் புலி வருஷம். அந்த வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று அவளைப் பெற்ற சீனர்கள் கொடுத்துவிட்டார்கள். பாட்டி தயங்கினாள். தாத்தாதான் தோள் துண்டில் சுற்றி, மார்போடு கட்டிக்கொண்டு, சைக்கிளில் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆண்பிள்ளை, அதுவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? 1954-இல் நான் பிறந்தேன். "அவ வந்த ராசி" என்று எல்லாரும் கொண்டாடினார்கள். அதைச் சொல்லித்தான் நாங்கள் அவளை வைத்திருந்தோம்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. தாத்தா படுக்கையில் கிடந்த பதினொரு மாசமும் மலஜலம் எடுத்தது அத்தை. அவர் போன பிறகு, 1987-இல், நிபோங் திபால் வீட்டை மாற்றி எழுத நில அலுவலகத்துக்குப் போனோம். அத்தைக்குத் தத்துப் பத்திரம் என்று எதுவும் கிடையாது. தாத்தாவுக்கு மரம் தெரியும், பத்திரம் தெரியாது. உள்ளே இருந்தவர் இறந்தவருக்கு அனாக், அதாவது பிள்ளைகள், எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். "சத்து" என்றேன். ஒருத்தன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பிளாஸ்டிக் பையில் கோப்பி-ஓ வாங்கி வைத்திருந்தாள். "சூடா இருக்கு தம்பி, கயித்தைப் பிடி" என்றாள். நான் பேசிய அறைக்கதவு திறந்துதான் இருந்தது. இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி சுங்கைப் பட்டாணியிலிருந்து முறுக்கு வருகிறது. நீயும்தான் சாப்பிடுகிறாய்.

ரத்தம் ரத்தம் என்று பேசியவன் இதைச் செய்தவன். என் பேச்சை நீ காரணமாக வைத்துக்கொள்ளாதே.

எடுப்பதாக இருந்தால் கோர்ட் வழியாகப் போ. கோவிலுக்கு வரும் வக்கீல் ஒருவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். 1952-ஆம் வருஷத்துச் சட்டங்கள் இரண்டு இருக்கின்றன. பதிவு இலாகாவில் பதிவது ஒரு வழி. பிள்ளை இரண்டு வருஷம் உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும், ஆனால் அதில் சொத்துரிமை வராது. கோர்ட்டில் உத்தரவு வாங்கினால் பெற்ற பிள்ளைக்கு உள்ள உரிமை அப்படியே உண்டு. குறைந்தது மூன்று மாசம் பிள்ளை உங்களிடம் இருக்க வேண்டும். சமூகநல இலாகாவிலிருந்து விசாரிப்பார்கள், அதற்குக் கோபப்படாதே. பணம் கொடுங்கள், நீங்களே பெற்றதுபோல் சூராட் பெரானாக், பிறப்புப் பத்திரம், எடுத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. அது குற்றம். பிள்ளை வளர்ந்த பிறகு ஐ.சி. அடையாள அட்டைக்கும் குடியுரிமைக்கும் அலையப்போவது பிள்ளைதான். கோர்ட் வழியாகவே போ. நாளைக்கு எந்த அறையிலும் எவனும் அந்தப் பிள்ளையைக் கணக்கில் விட்டுவிட முடியாது.

இதை எடுத்தால் அடுத்தது வயிற்றில் தங்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதே. உன் மனசுக்கே வேண்டாம் என்றால் அதுவும் சரிதான், வேண்டாத வீட்டில் பிள்ளை வளரக்கூடாது. ஆனால் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, உன் வாயால் சொல். குழாயைத் திறந்துவிட்டு நிற்காதே.

இன்னொன்று. நிபோங் திபால் வீட்டில் பாதியை அத்தை பேருக்கு எழுத நினைக்கிறேன். நாளை உனக்கு வரவேண்டிய வீடு, அதனால் உன்னிடம் சொல்கிறேன். ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பஸ் ஏறாமல் திரும்பி வந்துவிட்டேன். நீ வரும்போது சனிக்கிழமை டுரியான் சாப்பிடலாம், ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிப் போ. நீ பக்கத்தில் இருந்தால் வாசல்படி ஏறிவிடுவேன்.

அம்மாவுக்குப் போன் போடு. ராத்திரியில் ஓட்டாதே.

அப்பா